வண்டியில் இரண்டாவது பேட்டரி: சார்ஜ் ஏறாவிட்டால்

நம் சங்க அன்பர்கள் சிலர் விடுமுறைக்குத் தில்லியிலிருந்து ஊருக்கு வேனிலேயே குடும்பத்தோடு போய்வருகிறார்கள். சென்னைக்கே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். வண்டியில் விளக்கு, மின்விசிறி, சின்னக் குளிர்ப்பெட்டி, அதற்குள் பெரியவர்களின் இன்சுலின். இவற்றுக்கென்று இரண்டாவது பேட்டரியும் கூரையில் சோலார் பேனலும் வைத்துக்கொள்கிறார்கள். "எஞ்சினும் ஓடுகிறது, வெயிலும் அடிக்கிறது, ஆனாலும் காலையில் பேட்டரி காலி" என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முறை இது. ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

1. ஓய்வில் அளப்பது: இரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, விடியுமுன் அளக்கவும். சாதாரண ஈய‑அமில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12‑க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, வேலை எதுவும் இல்லாமலே ஓர் இரவில் இறங்கிவிட்டால், அதற்கு வயதாகிவிட்டது என்று கொள்ளலாம்.

2. ஆல்டர்னேட்டர்: எஞ்சினை ஓடவிட்டு முதல் பேட்டரியில் அளக்கவும். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி. 12.6‑லேயே நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்னேட்டரே பழுதாகியிருக்கலாம். 15‑ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி கொதித்து வீணாகும். புதுமாதிரி வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும்; அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

3. நடுவழி: உடனே இரண்டாவது பேட்டரியிலும் அளக்கவும். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் மெல்லிய ஒயர், துருப்பிடித்த இணைப்பு, சரியாகப் பொருந்தாத எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். வோல்ட் ஏறவே இல்லையென்றால் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள்.

4. சோலார்: எஞ்சினை நிறுத்திவிட்டு, நல்ல வெயிலில் பேனலைத் தனியே கழற்றி அளந்தால், 36 செல் உள்ள பேனல் 20 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஆனால் வோல்ட் மங்கிய ஒளியிலும் வரும், குறைவது மின்னோட்டம். ஒரு மூலையில் விழும் மூட்டையின் நிழல்கூடப் பெருமளவு குறைத்துவிடும். தில்லியின் குளிர்காலப் பனிமூட்டமும் அப்படியே.

பலரைக் குழப்புவது இதுதான்: எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் இருப்பதைக் கண்டு, 'நிறைந்துவிட்டது' என்று சோலார் கன்ட்ரோலர் ஒதுங்கிக்கொள்ளும். அது பழுதன்று. ஆகவே இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கை: சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அருகில் தீக்குச்சி கூடாது. கன்ட்ரோலரில் பேட்டரியை முதலில் இணைத்து, பிறகு பேனலை இணைக்கவும். கழற்றும்போது பேனல் முதலில். லித்தியம் பேட்டரிக்கு மேற்சொன்ன கணக்கு பொருந்தாது. அதை ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்காமல், அதற்குரிய சார்ஜர் வழியாகவே இணைக்க வேண்டும்.

இந்தச் சோதனைகளைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். இருந்தாலும் இன்சுலினுக்கு ஒரு ஐஸ் பெட்டி கையோடு இருக்கட்டும். ஐஸ் மருந்தை நேரே தொடாதபடி துணியில் சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.