கடைசியில் மிஞ்சும் எண்

கும்பகோணம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பதினொன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் பாப்பாவா என்று முறைப்பாய். முறைத்துக்கொள், பேர் மாறாது.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி வாட்ஸப்பில் ஒரு கணக்கைப் படம் பிடித்து அனுப்பினாய். கூடவே "ஆன்சர் மட்டும் போதும் பெரியப்பா" என்று ஒரு வரி. நான் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். ப்ளூ டிக் விழுந்தும் பதில் வரவில்லையே என்று உனக்கு வருத்தமாம், உங்கப்பா சொன்னான். தெரியாமல் இல்லையம்மா. நீ கேட்டது ஆன்சரை; அந்தக் கணக்கில் ஆன்சருக்கு மதிப்பே கிடையாது. அதைப் போனில் சொன்னால் பாதி கேட்டுவிட்டு "சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கணக்கு இதுதான். கரும்பலகையில் 1 முதல் 100 வரை எழுதியிருக்கிறது. ஏதாவது இரண்டு எண்களை அழித்துவிட்டு, பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து வந்ததை எழுத வேண்டும். இப்படியே செய்துகொண்டு போனால் கடைசியில் ஒரே ஒரு எண் மிஞ்சும். அது ஒற்றையா, இரட்டையா?

இரட்டை. இந்தா, ஆன்சர். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதிக்குப் பாதி சரியாக வந்திருக்கும். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

நீ எங்கே நின்றாய் என்பதும் தெரிகிறது. படத்தின் ஓரத்தில் பென்சிலால் 100, 99 இரண்டையும் அடித்து 1 என்று எழுதியிருக்கிறாய். அடுத்து 98, 97 அடித்து இன்னொரு 1. அதற்குக் கீழே வெள்ளைத் தாள். நூறு எண்ணையும் பார்த்து மலைத்துவிட்டாய். மலைத்தால் நூறை விட்டுவிட்டு நாலை எடு. 1, 2, 3, 4. முதலில் 1, 2 அழித்தால் 1. அதையும் 3-ஐயும் அழித்தால் 2. அதையும் 4-ஐயும் அழித்தால் 2. இன்னொரு வழியில் 1, 3 அழித்துத் தொடங்கு, 2 வரும். அந்த 2-ஐயும் பலகையில் இருக்கிற 2-ஐயும் அழித்தால் 0. கடைசியில் 4 நிற்கும். வேறு மாதிரி அழித்தால் 0 கூட வரும். 2, 4, 0 எல்லாமே இரட்டை. ஐந்து எண்கள் எடுத்துப் பார், எப்படி அழித்தாலும் ஒற்றைதான் வரும். இங்கேதான் முதுகு நிமிர வேண்டும். எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, ஏதோ ஒன்று மட்டும் மாறாமல் இருக்கிறது. எது?

7-ஐயும் 4-ஐயும் அழித்து 3 எழுதினால், பலகையின் மொத்தக் கூட்டுத்தொகையில் 11 போய் 3 வருகிறது. குறைந்தது 8. அது அந்தச் சின்ன எண்ணின் இரண்டு மடங்கு. எந்த இரண்டை எடுத்தாலும் இப்படித்தான், குறைவது எப்போதும் இரட்டை எண். அப்படியானால் கூட்டுத்தொகை இரட்டையாகத் தொடங்கினால் கடைசிவரை இரட்டைதான். 1 முதல் 100 வரை கூட்டினால் 5050. முடிந்தது. இந்தக் கணக்கை முதன்முதலில் பார்த்தபோது இந்த நாலு வரிக்கு வந்து சேர எனக்கு, அப்போதே எம்.எஸ்சி. முடித்திருந்தவனுக்கு, இரண்டு சாயங்காலம் ஆயிற்று. நீ இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனை எடுத்துவிட்டாய்.

சென்னை கணிதக் கழகத்தில் சேர வேண்டும் என்கிறாய். எல்லாரும் சொல்கிற மாதிரி நானும் சி.எம்.ஐ. என்றே சொல்கிறேன். சிறுசேரி சிப்காட்டில் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிறதே, அதுதான். காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் பள்ளிக்கூடம் படித்த சி.எஸ்.சேஷாத்ரி 1989-இல் தொடங்கியது. 1998-இலிருந்து இளநிலைப் படிப்பும் இருக்கிறது. சேஷாத்ரி உலகம் அறிந்த கணித மேதை, கர்நாடக சங்கீதமும் பாடுவார். 2020-இல் காலமானார். கூடவே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கும் எழுது. மகலனோபிஸ் 1931-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. பெங்களூரில் பி.மேத், கொல்கத்தாவில் பி.ஸ்டாட். அங்கே படிப்புக் கட்டணம் இல்லை என்பதை உங்கப்பாவிடம் முதலில் சொல், மற்றதெல்லாம் அப்புறம் காதில் ஏறும். இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு, பிளஸ் டூ பரீட்சை முடிந்து மே மாத வெயிலில் வரும்.

இரண்டிலும் பாடத்திட்டம் என்னவோ நம் பள்ளிக்கூடக் கணக்குதான். அதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சி.எம்.ஐ. தாளில் இரண்டு பகுதி. முதலாவதில் விடை போதும். இரண்டாவதில் காரணத்தோடு முழுசாக எழுத வேண்டும். முதல் பகுதியில் போதுமான மதிப்பெண் வராவிட்டால் இரண்டாம் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் "எனக்கு நிரூபணம் நன்றாக வரும், சின்னக் கேள்வி எதற்கு" என்கிற கெத்து வேண்டாம். புள்ளியியல் நிறுவனத்தில் காலையில் நாலில் ஒன்றைக் குறிக்கிற தாள், மதியம் எழுதுகிற தாள். காலைத் தாளில் சரியான விடைக்கு 4, தப்புக்கு 0, தொடாமல் விட்டால் 1 என்று போட்டுவந்திருக்கிறார்கள். விண்ணப்பிக்கிற வருஷத்து விதியை நீயே ஒருமுறை படித்துக்கொள். இந்த விதியே ஒரு கணக்கு, கவனித்தாயா? கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக 1 வரும், விட்டாலும் 1. ஆகக் குருட்டாம்போக்கில் குறிப்பதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு விடையையாவது நிச்சயமாகத் தப்பென்று தள்ள முடிந்தால், மீதி மூன்றில் ஒன்றைக் குறிப்பதுதான் லாபம்.

இப்போது என் பாவக்கதையைச் சொல்ல வேண்டும். 34 வருஷம் கணக்கு வாத்தியார் நான். இருநூறுக்கு இருநூறு இருந்த காலத்தில் என் வகுப்பில் சென்டம் விழாத வருஷம் குறைவு. எப்படி விழுந்தது என்று கேள். பழைய தாள்களையெல்லாம் அலசி, "இந்தப் பத்து மார்க் கணக்கெல்லாம் போடு, இதையெல்லாம் விடு" என்று பட்டியல் போட்டுக் கொடுப்பேன். புக் பேக் கணக்கில் ஒரு எண் மாறினால்கூட என் பிள்ளைகளுக்குக் கை உதறும். அப்படிச் சென்டம் வாங்கின பையன் ஒருவன் இந்த மாதிரி ஒரு நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். திண்ணையில் உட்கார்ந்து, "சார், ஒரு கேள்விகூட நாம போட்டது இல்ல சார்" என்றான். நாம என்று சேர்த்துச் சொன்னான் பார், அது இன்னும் குத்துகிறது. அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. பார்த்திராத கணக்கின் முன்னால் உட்கார நான் பழக்கவில்லை.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது அதிக நேரம் இல்லை. வாரத்துக்கு மூன்று கணக்கு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம், போன் அடுத்த அறையில். வராவிட்டால் மூடிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பாடத்தைப் படி, மறுநாள் மறுபடி எடு. நாலு நாள் கழித்தும் அசையவில்லையென்றால் விடையைப் பார்க்கலாம், ஆனால் முதல் இரண்டு வரி மட்டும். பார்த்த கணக்கைப் பத்து நாள் கழித்து, பார்க்காமல் திரும்ப எழுது. வராத கணக்குகளுக்கென்று ஒரு லாங் சைஸ் நோட்டு போடு. அந்த நோட்டு பாதியாவது நிரம்பினால் நீ தயார்.

புத்தகம் எது என்று கேட்டாய். சி.எம்.ஐ. பழைய கேள்வித்தாள்களை அவர்களே தங்கள் தளத்தில் போட்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய புத்தகம் கிடையாது, ஆனால் அதைக் கடைசி ஆறு மாதத்துக்கு வைத்துக்கொள். புள்ளியியல் நிறுவனத் தேர்வுக்குப் பிள்ளைகள் 'டொமாட்டோ' என்று ஒன்றைச் சொல்வார்கள். தக்காளி இல்லை, 'டெஸ்ட் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் அட் தி டென் பிளஸ் டூ லெவல்' என்பதன் செல்லப்பேர். எண் கோட்பாடும் எண்ணிப் பார்க்கிற கணக்குகளும் நம் பாடப்புத்தகத்தில் கொஞ்சம்தான். அதற்கு 'சேலஞ்ச் அண்ட் த்ரில் ஆஃப் ப்ரீ-காலேஜ் மேத்தமேட்டிக்ஸ்' என்னிடமே இருக்கிறது, அட்டை போன பிரதி, தீபாவளிக்கு வரும்போது எடுத்துப் போ. நாலாவது புத்தகம் கேட்காதே.

கோச்சிங் சென்டரில் சேர்க்கலாமா என்று உங்கப்பா கேட்கிறான். ஐ.ஐ.டி.க்கான சென்டர் வேகத்தைச் சொல்லித்தரும், அது உனக்குப் பாதிதான் உதவும். இது இன்றைய கதையும் இல்லை. கேம்பிரிட்ஜில் டிரைபாஸ் என்கிற கணிதத் தேர்வுக்குக் காசு வாங்கித் தயார்செய்கிற வாத்தியார்கள் நூறு வருஷத்துக்கு முன்பே கொடிகட்டிப் பறந்தார்கள். கணித அறிஞர் ஹார்டி அந்தத் தேர்வில் 1898-இல் நான்காவதாக வந்தவர், ஆனால் அந்த முறையை வெறுத்தார். அவரைப் போன்றவர்கள் விடாமல் எதிர்த்ததில் தரவரிசைப் பட்டியலே 1909-ஓடு நின்றது.

ஹார்டி பேர் வந்துவிட்டது, ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைத்தவர். கும்பகோணத்துக்காரன் ராமானுஜனைச் சொல்லாமல் கணக்கைப் பற்றி ஒரு கடிதம் முடித்ததாகச் சரித்திரமில்லை. உன் அத்தை மகன் கெமிஸ்ட்ரியில் ஃபெயிலானதற்கு "ராமானுஜனே ஃபெயில்தானே" என்றான். உண்மைதான். இங்கே அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர எதையும் தொடாமல் உதவித்தொகையை இழந்தார், சென்னையில் பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. தேறவில்லை. அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை யாரும் சொல்வதில்லை. நீ பிளஸ் டூ தேறியே ஆக வேண்டும், இங்கிலீஷும் பிசிக்ஸும் உட்பட. இன்னொன்று. பதினாறு வயதில் அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருக்கும், நிரூபணம் அனேகமாக இருக்காது. அவரும் அப்படியே முடிவுகளை மட்டும் நோட்டுகளில் எழுதிவைத்தார். அவருக்குச் செல்லும். தேர்வுத் தாளின் இரண்டாம் பகுதியில் உனக்குச் செல்லாது.

எழுதுவது எப்படி என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஒரு பகா எண்; அதோடு 2 கூட்டினாலும் பகா எண், 4 கூட்டினாலும் பகா எண். அப்படி எத்தனை உண்டு? 3, 5, 7 உடனே தெரியும். பிறகு நாலைந்து முயன்றுவிட்டு "வேறு இல்லை" என்று எழுதுவாய். அதற்கு மதிப்பெண் விழாது. இரண்டிரண்டாக ஏறும் மூன்று எண்களில் ஒன்று கட்டாயம் 3-ஆல் வகுபடும் என்று காட்ட வேண்டும். அது பகா எண்ணாகவும் இருக்க வேண்டுமானால் 3 என்பதைத் தவிர வேறாக இருக்க முடியாது. அதோடு பேனாவை மூடிவிடாதே. அந்த 3 ஏன் நடுவில் இருக்கக்கூடாது? இருந்தால் முதல் எண் 1, அது பகா எண் இல்லை. மூன்றாவதாக இருந்தால் முதல் எண் கழித்தல் 1. அதனால் 3 முதலில்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் விட்டுவிட்டு வருவது இந்தக் கடைசி இரண்டு வரியைத்தான்.

தமிழ் மீடியம் என்று பயப்படுகிறாய். கேள்வித்தாள் இங்கிலீஷில்தான் வரும். நானும் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவன்தான். 'இஃப் அண்ட் ஒன்லி இஃப்' என்பதை முதல் வருஷம் முழுக்க வெறும் 'இஃப்' என்றே படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் நிரூபிக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கத்தோடு எழுந்து வந்தேன். 'அட் லீஸ்ட் ஒன்', 'எக்ஸாக்ட்லி ஒன்', 'அட் மோஸ்ட் ஒன்' இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் பாதி பயம் போய்விடும். கலைச்சொற்களை நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதிக்கொள். ஐம்பது சொல்லைத் தாண்டாது. யோசிப்பதை மட்டும் தமிழிலேயே யோசி, அதை யாரும் திருத்தப்போவதில்லை.

சீட் கிடைக்காமலும் போகலாம். நாடு முழுக்க எழுதுகிறார்கள், இடம் கொஞ்சம். கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்து, முதுநிலைப் படிப்புக்கு இதே இடங்களில் மறுபடி எழுதலாம். அந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது. இதை இப்போதே சொல்லிவைப்பது உனக்காக இல்லை, உங்கம்மாவுக்காக. கடிதத்தை அவளிடமும் காட்டு.

அந்தப் பலகைக் கணக்கு இன்னும் முடியவில்லை. கடைசி எண் இரட்டை என்றுதான் காட்டினோம். எந்த இரட்டை என்று சொல்லவில்லையே. மிஞ்சுவது 0 ஆகவே இருக்கும்படி நூறு எண்ணையும் அழிக்க முடியுமா? முடியும் என்றால் எப்படி என்று வரிசையாக எழுது, முடியாது என்றால் ஏன் என்று எழுது. படம் பிடித்து அனுப்பாதே, இன்லேண்ட் லெட்டரில் எழுதித் தபாலில் போடு. தொடங்குவதற்கு முன், செவ்வாய்க்கிழமை நீ பென்சிலால் கிறுக்கிவிட்டு நிறுத்தின இடத்தை ஒருமுறை எடுத்துப் பார். அதை அழித்துவிடவில்லைதானே?

அன்புடன்,
பெரியப்பா