கையெழுத்து மறுத்தால் உயர்மின் கோபுரம் வராதா?

கேள்வி: தாராபுரம் வட்டத்தில் எனக்கு மூன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. பாதி தென்னை, மீதி மக்காச்சோளம். 400 கிலோவோல்ட் உயர்மின் பாதை தோட்டத்தின் நடுவே போகிறது என்று அளந்து கல் நட்டுவிட்டார்கள். நான் சம்மதக் கடிதம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஊரே எதிர்த்து, கிராம சபையில் தீர்மானமும் போட்டிருக்கிறோம். என் சம்மதம் இல்லாமல் கோபுரம் நட முடியுமா? நீதிமன்றத்தில் தடை வாங்கலாமா? இழப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டால் வழக்குப் போடும் உரிமை போய்விடுமா?

பதில்: உங்கள் சம்மதம் இல்லாமலே கோபுரம் நட முடியும். கசப்பான பதில்தான். ஆனால் இதை இப்போதே தெரிந்துகொண்டால்தான் மிச்சமிருக்கும் உரிமைகளைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்று நீங்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. மின்சாரச் சட்டம், 2003-இன் 67ஆம் பிரிவின் கீழ் 2006-இல் வந்த விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. உரிமையாளர் மறுத்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆனால் 164ஆம் பிரிவின்படி தந்தி அதிகாரியின் அதிகாரம் வழங்கப்பட்ட நிறுவனத்தை இவை கட்டுப்படுத்தாது. அந்த விதிகளிலேயே இது எழுதியிருக்கிறது. அந்த நிறுவனம் இந்தியத் தந்திச் சட்டம், 1885-இன் 10ஆம் பிரிவைக் கையில் எடுக்கும். அங்கே சம்மதம் என்ற பேச்சே இல்லை. பவர் கிரிட் நிறுவனத்துக்கும் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் இதை உறுதி செய்தது. தந்திச் சட்டத்தைத்தான் ஒழித்துவிட்டார்களே என்று சிலர் வாதிடுகிறார்கள். ஒழிக்கச் சட்டம் வந்தது உண்மை. ஆனால் அதை நீக்க வகைசெய்யும் தொலைத்தொடர்புச் சட்டம், 2023, மின்பாதைகளுக்காக மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாம் பாகத்தை உயிரோடு விட்டுவைத்திருக்கிறது. ஆகவே முதல் வேலையாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, இந்தப் பாதைக்கு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவின் கீழ் வந்த ஆணையின் நகலையும், 68ஆம் பிரிவின் கீழ் பெற்ற ஒப்புதலின் நகலையும், உங்கள் புல எண்கள் இருக்கும் கோபுரப் பட்டியலையும் கேளுங்கள். 164ஆம் பிரிவின் ஆணை இல்லை என்றால் நிலைமையே வேறு. 2006 விதிகள் முழுதாக உங்கள் பக்கம் வந்துவிடும்.

தடையாணை கிடைக்கும் என்று நம்பிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தம், உள்கட்டமைப்புத் திட்டங்களைத் தாமதப்படுத்தும் தடையாணைகளைத் தடுக்கிறது. மின் தொடரமைப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. கிராம சபைத் தீர்மானத்துக்கும் பாதையை நிறுத்தும் சட்ட வலிமை கிடையாது. ஊர் ஒன்றுபட்டு நிற்கிறது என்பதற்கும், மாற்றுப் பாதை ஒன்றை ஊரார் முன்வைத்தார்கள் என்பதற்கும் அது நல்ல ஆவணம். கூடிப் போராடுவது உங்கள் உரிமை. ஆனால் மாவட்ட ஆட்சியர் அனுமதி ஆணை போட்ட பிறகு இயந்திரத்தை மறித்தால் அது குற்றமாகும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு.

இனி அதே தந்திச் சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது என்று பார்ப்போம். அதன் 10ஆம் பிரிவு நிறுவனத்துக்குப் பயன்பாட்டு உரிமையை மட்டுமே தருகிறது. கூடியவரை குறைவான சேதமே செய்ய வேண்டும் என்கிறது. நேரும் சேதத்துக்கு, பாதிக்கப்படும் எல்லோருக்கும் முழு இழப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த மூன்று வாசகங்களும் எழுதப்பட்ட காலத்தில் வயலில் நின்றது ஒரு மரக்கம்பமும் இரண்டு மெல்லிய கம்பிகளும். அதன் அடியில் ஏர் ஓடும், தென்னை வளரும், வீடும் கட்டலாம். இன்றைய 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலத்தில் வழித்தடம் வேண்டும். ராய்கரிலிருந்து புகளூருக்கு வந்த 800 கிலோவோல்ட் நேர்மின் பாதைக்கு 69 மீட்டர். அந்த அகலத்துக்குள் வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது, வாங்குபவரும் நிலத்தைப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார். பட்டா உங்கள் பெயரில் இருக்கும். நிலத்தின் பயனில் பெரும்பகுதி போயிருக்கும். மெல்லிய கம்பிக்கு எழுதிய அதிகாரத்தை ராட்சதக் கோபுரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றால், அதே வரியில் உள்ள ‘முழு இழப்பீடு’ என்ற சொல்லையும் கோபுரத்தின் அளவுக்கே படிக்க வேண்டும். என் வாதம் இதுதான். ஊர்கள் தங்கள் பலத்தை இதில்தான் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

குறைவான சேதத்தையும் முழு இழப்பீட்டையும் கேட்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று மாவட்ட ஆட்சியர். உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். எதிர்ப்பு இருந்தால் நிறுவனம் தந்திச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் முதல் உட்பிரிவின் கீழ் அவரிடம்தான் போக வேண்டும். அங்கே ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் ஆணை உங்களுக்கு எதிராகவே வரும். புலப்படத்தை வைத்து, கிணறு எங்கே, குழாய் எங்கே, கோபுரத்தை வரப்போரம் தள்ளினால் எத்தனை தென்னை தப்பும் என்று வரைந்து காட்டுங்கள். குறைவான சேதம் என்பது சட்டத்தின் கட்டளை. முழுப் பாதையையும் மாற்றச் சொல்ல ஆட்சியர் தயங்குவார். ஒரு கோபுரத்தைச் சில மீட்டர் நகர்த்துவது வேறு. பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கலந்து பேசி வரையுங்கள். அவர் தலையில் கட்டும் மாற்று வழி ஊரைத்தான் உடைக்கும்.

இன்னொன்று மாவட்ட நீதிபதி. இழப்பீடு போதவில்லை என்றால் 16ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின் கீழ் அவரிடம் மனுச் செய்யலாம். மத்திய மின் அமைச்சகம் 2015 அக்டோபரில் தந்த வழிகாட்டுதலின்படி கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் இது 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்ந்தது. உங்கள் பாதைக்கு எது பொருந்தும் என்பது அது மாநிலங்களுக்கு இடையிலான பாதையா, மாநிலத்துக்குள் ஓடுவதா, மாநில அரசு என்ன ஆணையிட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதையும் எழுதிக் கேளுங்கள். சதவீதத்தைவிடப் பெரிய சண்டை, எந்த மதிப்பில் சதவீதம் என்பதில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 மீட்டர் நீளத்துக்கு உங்கள் தோட்டத்தைப் பாதை கடந்தால் வழித்தடம் சுமார் 1.36 ஏக்கர். வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 30 சதவீதம் 2.04 லட்சம். சந்தை விலை 25 லட்சம் என்றால் 10.2 லட்சம். அக்கம்பக்கத்தில் நடந்த கிரயப் பத்திர நகல்களை இப்போதே எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான். அட்டவணை இவ்வளவுதான் என்று அதிகாரி சொன்னால், கேரள மாநில மின் வாரியத்துக்கும் லிவிஷாவுக்கும் இடையிலான 2007ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டலாம். நிலம் இருக்கும் இடம், மின்பாதை நிலத்தின் நடுவில் போகிறதா, சிறு பகுதியை மட்டும் தொடுகிறதா, நிலத்தின் மதிப்பு ஆகியவற்றை ஒவ்வொரு வழக்கிலும் தனியே பார்க்க வேண்டும் என்கிறது அது. நடுவில் பிளக்கப்படும் உங்கள் மூன்றரை ஏக்கருக்கு நேராகப் பொருந்தும்.

கொங்கு மாவட்டங்களில் 2018 இறுதியில் விவசாயிகள் போராடியபோது, சாலையோரம் கேபிளாகப் புதையுங்கள் என்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. புகளூர் – திருச்சூர் பாதை கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் புதைவடமாகவே போகிறது. ஆனால் அது 320 கிலோவோல்ட் நேர்மின்சாரம். 400 கிலோவோல்ட் மாறுமின்சாரத்தை நெடுந்தூரம் புதைப்பது தொழில்நுட்பத்திலும் செலவிலும் வேறு கதை. அந்தத் தேர்வில் நீதிமன்றங்கள் வல்லுநர்களை மீறித் தலையிடுவது அரிது. கல் நட்ட பிறகு எழுப்பினால் இந்தக் கோரிக்கைக்கு வலு குறைவு. திட்ட நிலையிலேயே எழுப்ப வேண்டும். ஊருக்கெல்லாம் மின்சாரம் வேண்டாமா என்று உங்களைக் கேட்பார்கள். வேண்டும்தான். அப்படியானால் அதன் விலையை மின்சாரம் பெறும் எல்லோரும் கட்டணத்தில் பங்கிட்டுக்கொள்ளட்டும். மூன்றரை ஏக்கர்காரர் ஒருவர் தன் தோட்டத்தால் அதை ஈடுகட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பணத்தை வாங்கலாம். வாங்குவதால் மட்டும் கூடுதல் கேட்கும் உரிமை போகாது. ஆனால் ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன், 16(3)இன் கீழான உரிமை நிற்கிறது’ என்று உங்கள் கையால் எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் அடங்கலில் பயிரும் மரங்களும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். மரங்களுக்கு எண் போட்டுப் படம் எடுங்கள். மாவட்ட நீதிபதியிடம் செய்யும் மனுவுக்கும் காலக்கெடு உண்டு. தந்திச் சட்டத்தின் இதே பிரிவில் வந்த குஞ்ஞாலியும்மா வழக்கில், காலவரையறைச் சட்டத்தின் 137ஆம் உறுப்பே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்த்திருக்கிறது: மனுச் செய்யும் உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். முதல் மரம் வெட்டிய தேதியையும், கோபுரத்துக்குக் குழி தோண்டிய தேதியையும், கம்பி இழுத்த தேதியையும் தனித்தனியே குறித்து வையுங்கள். முதல் தேதியிலிருந்தே மூன்று ஆண்டை எண்ணி, அதற்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.