ஆரோக்கியப்பச்சை: களைப்பை விரட்டும் சின்னச் செடி



ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறினோம். சுந்தரபாண்டியத்தில் பிறந்த எனக்கே பாதி வழியில் மூச்சு வாங்கியது. கூட வந்த நண்பன் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டான். "எதுக்குடா இது?" என்றேன். "தெரியலை, மூலிகை மலையாச்சே, எதுக்காவது ஆகும்!" என்றான். அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், தெற்கே அகத்தியமலை இருக்கிறது. 1987-ல் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆராய்ச்சிக் குழு ஒன்று அங்கே போனது. வழிகாட்டிகள் காணிக்காரப் பழங்குடியினர். ஆராய்ச்சியாளர்கள் சோர்ந்து போனார்கள். வழிகாட்டிகளோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டே தெம்பாக நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. தாவரவியல் பெயர் டிரைக்கோபஸ் சைலானிகஸ். ஓடையோர நிழலில் தரையை ஒட்டி வளரும். இதய வடிவ இலை. கருஞ்சிவப்பில் சின்னப் பூ. பார்த்தால் யாரும் நின்று கவனிக்க மாட்டார்கள்!

எலிகளிடம் சோதித்ததில் களைப்பைக் குறைக்கும் தன்மை தெரிந்தது. காணிக்காரர் தின்றது காயை. ஆய்வுக்கூடத்தில் இலையிலும் அந்தக் குணம் இருப்பதைக் கண்டார்கள். இலையைப் பறித்தால் செடி சாகாது, மறுபடி துளிர்க்கும். அதோடு அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் அதன் தயாரிப்பு உரிமையைக் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்குக் கொடுத்தது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு! அதற்காக 1997-ல் ஓர் அறக்கட்டளை பதிவானது. செடியைக் காட்டியவனுக்கும் பங்கு என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டாகப் பேசிய ஒப்பந்தம் இது.

ஆனால் சிக்கலும் வந்தது. காட்டுச் சூழலுக்கு வெளியே வளர்த்தால் மருந்துக் குணம் சரியாக வரவில்லை. காட்டில் எடுக்கலாம் என்றால், செடியே அழிந்துவிடும் என்று வனத்துறை தடுத்தது. இலை கிடைப்பது பெரும்பாடானது.

நாம் தொழில்நுட்பம் படிப்பவர்கள். ஒரு செடி மருந்தாவதற்கு முன் மூன்று கேள்வி உண்டு: சோதித்தாயிற்றா? செடி மிஞ்சுமா? சொல்லிக் கொடுத்தவருக்குப் பங்கு போனதா? எலியிடம் கண்ட பலன் மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே யாரோ சொன்னார் என்று எதையும் வாயில் போடாதீர்கள்.

நண்பன் பிடுங்கிய செடி வீடு சேர்வதற்குள் வாடிவிட்டது. அது என்ன செடி என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை மலையேறினால், பிடுங்காமல், தெரிந்த பெரியவர் ஒருவரிடம் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதி வருவோமே!