கொல்லையில் அடுப்பு கட்டும் முன்

வெந்நீருக்கும் பொங்கலுக்கும் கொல்லையில் விறகடுப்பு கட்ட நினைக்கிறீர்களா? முதலில் தண்ணீரின் போக்கைப் பாருங்கள். கோடைமழை கொட்டும் நாளில் எங்கே தேங்குகிறது என்று கவனித்து, அங்கே ஒரு செங்கல்லை அடையாளமாக வையுங்கள். அந்த இடம் அடுப்புக்கு ஆகாது.

தளத்துக்கு வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு 2 அங்குலமாவது வாட்டம் வேண்டும். கான்கிரீட் போடுமுன்னே டியூப் லெவல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு திருத்துவது இரட்டைச் செலவு. மொட்டைமாடி மழைநீர் உறிஞ்சுகுழிக்குப் போகட்டும். பாத்திரம் கழுவும் நீரை அதில் கலக்கவே கூடாது, அது வாழைக்குப் போகலாம். சாம்பலைச் சலதாரையில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும்.

அடுப்பு மேடை தரையைவிட அரை அடி உயரட்டும். தீ படும் உட்புறத்தைச் சிமெண்டால் பூசாதீர்கள், சூட்டில் வெடிப்பு விடும்; களிமண் பூச்சே நல்லது. ஆற்றுக் கூழாங்கற்களை அழகுக்காகக்கூட நெருப்பருகே பதிக்க வேண்டாம். ஈரம் கோத்த கல் சூடேறினால் வெடித்துச் சிதறும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது பெரிய ஆபத்து. கீற்றுக் கொட்டகையும் துணிக்கொடியும் தள்ளியே இருக்கட்டும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஆவணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.