பாடம்: கோடு போடும் முன் வரைபடம் பார்



நம்ம ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம்? மலாயில் பாயா என்றால் சதுப்பு நிலம், ரும்புட் என்றால் புல். தண்ணீர் தங்கும் இடம் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரும் ஒரு வரைபடம்தான். சாலை போடுகிறவர்கள் இப்படிப்பட்ட விவரங்களை எப்போது பார்க்க வேண்டும்? அதுதான் இன்றைய பாடம்.

1. நடந்த சம்பவம்

2025 மே 11, அன்னையர் தினம். கிரிக் – ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு யானைக்குட்டி லாரி மோதி, அதன் அடியில் சிக்கி இறந்தது. தாய் யானை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. லாரியில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காணொளியைப் பார்த்து அழாதவர் குறைவு.

அந்தச் சாலை பெலும், தெமெங்கோர் காட்டை ஊடுருவிப் போகிறது. திறக்கப்பட்டது 1982-இல். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்ற ஆணையோ 1987-இல்தான் வந்தது. பிற்பாடு கிரிக் பக்கம் விலங்குகள் கடக்க மேம்பாலம் கட்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் 100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலைக்கு அது போதுமா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

2. வரைபடம் எப்படி உதவும்?

கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காடு, ஒன்றில் ஆறு, ஒன்றில் வெள்ளம் தேங்கும் தாழ்நிலம், ஒன்றில் விலங்குகளின் தடம். அதன்மேல் சாலைக்கான இரண்டு மூன்று வழிகளை வரைந்து பார்த்தால், எது எதை வெட்டுகிறது என்பது உடனே தெரியும். அந்த நேரத்தில் கோட்டை மாற்ற ஓர் அழிப்பான் போதும். நிலம் எடுத்து, குத்தகை கையெழுத்தான பிறகு மாற்ற வேண்டுமானால் கோடிக்கணக்கில் செலவாகும். அதனால் யாரும் மாற்றமாட்டார்கள்.

தீபகற்ப மலேசியாவின் காடுகளை இணைக்கும் மத்திய வன முதுகெலும்புத் திட்டம் இப்படி 37 இணைப்பு இடங்களை அடையாளம் காட்டியது. அவற்றில் ஒன்று பகாங்கில் மெராப்போ அருகே உள்ள சுங்கை யூ. தாமான் நெகாராவுக்கும் தித்திவங்சா மலைத்தொடருக்கும் நடுவே உள்ள வழி அது. அங்கே சாலையைத் தூண்கள்மேல் உயர்த்தி, விலங்குகள் அடியில் கடந்து போக வழி விட்டிருக்கிறார்கள்.

3. நாம் எப்போது பேசணும்?

1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். அந்த நாட்களில் நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்க்கிறோம்? தோட்டத்துக் கோயில்கள் பலவற்றின் கதை நமக்குத் தெரியுமே. இயந்திரம் வந்து நின்ற பிறகுதான் மனு எழுத ஓடுகிறோம். ஓடைக்கும் அதே கதிதான், அரசமரத்துக்கும் அதே கதிதான்.

4. செய்து பாருங்கள்

அ. வட்டார வரைபடம் ஒன்றை எடுத்து, மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடங்களைக் குறியுங்கள்.

ஆ. தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டியிடம் பழைய ஓடை, குளம், கோயில் இருந்த இடங்களைக் கேட்டுச் சேருங்கள்.

இ. அடுத்த முறை வரைவுத் திட்டம் பார்வைக்கு வரும்போது, இந்த வரைபடத்தையும் கையில் எடுத்துக்கொண்டு குழுவாகப் போங்கள்.

சிந்திக்க: உங்கள் வீட்டுக்கு முன்னால் போகும் சாலை எந்த நீர்வழியை மறித்து நிற்கிறது?