பிரபல் ரிவால்வரும் அந்த 50 மீட்டரும்

2023 ஆகஸ்டில் கான்பூர் தொழிற்சாலையிலிருந்து ‘பிரபல்’ ரிவால்வர் வெளிவந்தபோது, லைசென்ஸ் வைத்திருக்கும் எங்கள் நண்பர்களிடையே வேறு பேச்சே இல்லை. தண்டலம் சுற்றுவட்டாரத்தில் சிஎன்சி மெஷினோடு பிழைப்பவர்கள் நாங்கள். உலோகத்தில் புதிதாக எது வந்தாலும் கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் அன்றைக்கு எல்லோர் வாயிலும் 50 மீட்டர்தான். பழையவை சுடும் தூரம் 20 மீட்டர், இது 50 என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, அந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். பிரபலின் குழல் 76 மி.மீ., மொத்த நீளமே 177.6 மி.மீ. முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே அந்த முழு நீளமும் இருப்பதாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள். குறி 1 மி.மீ. விலகினால் 50 மீட்டரில் தோட்டா 28 செ.மீ. தள்ளிப் போகும். உண்மையில் அந்த இடைவெளி இன்னும் குறைவு. ஆகவே விலகலும் கூடும். தோட்டா அவ்வளவு தூரம் போகும், சரி. குறி பார்த்தபடி போகுமா என்பது கையின் பழக்கத்தில் இருக்கிறது.

எனக்கு அதில் பிடித்தது, உருளை பக்கவாட்டில் திறப்பது. 2014-இல் வந்த ‘நிர்பீக்’ ரிவால்வரும் அதற்கு முந்தைய .32 ரிவால்வரும் பழைய வெப்லி ரிவால்வரின் வழிவந்தவை. நடுவில் மடித்துத்தான் தோட்டா போட வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்தக் கீலும் கொக்கியும் அடி வாங்குகின்றன. தேய்ந்தால் ஆட்டம் கண்டுவிடும். பக்கவாட்டில் திறப்பதில் உடல் ஒரே துண்டாக இருப்பதால் அந்தக் கவலை இல்லை. நண்பர்கள் கொண்டாடியிருக்க வேண்டியது இதைத்தான்.

எடை விஷயத்திலும் அப்படியே. டைட்டானியம் கலவையில் 500 கிராமுக்கு வந்த நிர்பீக்கைப் பெண்களுக்கென்று நகைப்பெட்டி மாதிரி பெட்டியில் வைத்து, 1,22,360 ரூபாய் விலை சொன்னார்கள். அந்த விலை யாருக்குக் கட்டும் என்று கோபப்பட்டவர்கள் பக்கமே நியாயம். எடை குறையக் குறைய உதைப்பு மணிக்கட்டில்தான் இறங்கும். பிரபல் ஏறக்குறைய 700 கிராம் இருப்பதை நான் குறையாக நினைக்கவில்லை.

கடையில் கையில் கொடுத்ததும், குழலை ஆளில்லாத பக்கம் தரையை நோக்கிப் பிடித்து உருளையைத் திறந்து, எல்லா அறையும் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரர் பார்த்திருந்தாலும் நீங்களும் பார்த்தே ஆக வேண்டும். பிறகு மூடி, உருளையை இடம் வலமாக லேசாக அசையுங்கள். துளி அசைவு இருக்கும். ஒவ்வொரு அறையிலும் அது ஒரே அளவா என்று கவனியுங்கள். ஒன்றில் மட்டும் லொடலொடத்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம், முன்பு 3. கையில் இரண்டு இருந்தால், புதிய மாடலுக்காகப் பழையதை முறைப்படி கொடுத்தாக வேண்டும். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது ரசீதில் உள்ள வரிசை எண்ணைத் துப்பாக்கியில் உள்ளதோடு அங்கேயே நின்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.