இரத்தம் குறைவு, இரும்போ அதிகம்

பிள்ளை வெளிறிப் போயிருந்தால் நம் தோட்டத்து வீடுகளில் டாக்டருக்காகக் காத்திருப்பவர்கள் குறைவு. "உடம்புல ரத்தமே இல்ல, இரும்பு டானிக் வாங்கிக் குடு" என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிவிடுவார். அவர் சொல்வது பல நேரம் சரியாகவும் இருக்கும். கொக்கிப்புழு, அடுத்தடுத்த பிரசவம், மாதவிலக்கில் அதிக இரத்தம் போவது, மீன் இறைச்சி இல்லாத வெறும் சோறு, சாப்பிட்ட கையோடு குடிக்கும் கட்டித் தேநீர், எல்லாமே உடம்பில் இரும்பைக் குறைப்பவைதான்.

ஆனால் வெளிறிய முகமெல்லாம் இரும்புக் குறைவு அல்ல. சில குடும்பங்களில், ஒரே உடம்பில் இரத்தம் குறைவாகவும் இரும்பு அளவுக்கு மிஞ்சியும் இருக்கும். அங்கே டானிக் கொடுப்பது எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது போல. இது சாப்பாட்டினால் வருவதல்ல. தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் மரபணுவில் உள்ள பிழையால் வருவது.

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். பெரியவர் ஒருவரின் உடம்பில் உள்ள இரும்பு மொத்தமே 3 அல்லது 4 கிராம்தான், ஒரு சின்ன ஆணியின் எடை. அதில் பெரும்பகுதி இரத்தத்தின் சிவப்பணுக்களில் இருக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாளில் செத்துப் போகும்; அதிலிருக்கும் இரும்பை உடம்பு வீணாக்காமல் எடுத்துப் புது அணுவுக்குப் போட்டுக்கொள்ளும். ஆகவே சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் உள்ளே போனால் போதும்.

அதிகமானால்? உப்பு மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். இரும்புக்கு அப்படி வழி கிடையாது. உதிரும் தோலிலும் குடலிலும் கொஞ்சம் போகிறதே தவிர, மிஞ்சியதை வெளியே தள்ள உடம்புக்குத் தெரியாது. அதனால்தான் காவலை நுழைவாசலில் வைத்திருக்கிறது. குடலில் இருக்கும் அந்த வாசலுக்கு ஈரல் ஒரு ஜாகாவை அனுப்புகிறது. அதன் பெயர் ஹெப்சிடின். உள்ளே இரும்பு போதும் என்றால் ஹெப்சிடின் கூடும், கேட்டைச் சாத்தும். குறைந்தால் ஜாகா ஒதுங்கிக்கொள்வான், கேட்டு திறக்கும்.

இந்த ஜாகா சரியாக வேலைக்கு வராத பரம்பரை நோய் ஒன்று வட ஐரோப்பியரிடம் அதிகம், முக்கியமாக அயர்லாந்து மக்களிடம். ஹீமோக்குரோமட்டோசிஸ் என்பார்கள். இது பரம்பரையாக வருவது என்று 1935-இல் ஷெல்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் எழுதினார். அதற்குக் காரணமான எச்.எஃப்.இ. என்ற மரபணுவைக் கண்டுபிடித்தது 1996-இல். அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அந்த மாறிய பிரதியே வந்தால், ஹெப்சிடின் போதிய அளவு சுரக்காது, கேட்டு திறந்தே கிடக்கும். முப்பது நாற்பது வருடத்தில் 20 கிராம் இரும்புகூடச் சேர்ந்துவிடும். ஈரல் சுருங்கும், இனிப்பு நீர் வரும், மூட்டு வலிக்கும், தோல் செம்பு நிறமாகும். மரபணு இருந்தும் நோயே வராதவர்களும் உண்டு. சாராயம் குடிப்பவர்களுக்கு ஈரல் சீக்கிரம் கெடுகிறது. சம்சுவைச் சத்து என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வைத்தியம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: அரை லிட்டர் இரத்தத்தை அவ்வப்போது எடுத்துவிடுவதுதான். ஒரு தடவைக்கு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடும்.

இந்த வெள்ளைக்காரர் நோய் நம்மவர்களுக்கு மிக அரிது. பிறகு ஏன் இவ்வளவு கதை என்றால், அதே கேட்டு நம்மிடம் வேறொரு காரணத்தால் திறக்கிறது. அதுதான் தலசீமியா.

இதில் பிழை இரும்பு மரபணுவில் இல்லை, சிவப்பணுவின் ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணுவில். இரு பக்கமும் பிழை உள்ள பிள்ளையின் எலும்பு மச்சை ஓயாமல் அணுக்களைச் செய்யும். பாதி உருவாகும்போதே செத்துவிடும். "இன்னும் இரும்பு வேணும்" என்று அது ஈரலுக்குச் சேதி அனுப்புகிறது. அந்தச் சேதியைக் கொண்டுபோகும் எரித்ரோஃபெரோன் என்ற சுரப்பு 2014-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரல் நம்பி, ஜாகாவை விலக்கிக்கொள்கிறது. இரும்பு உள்ளே கொட்டுகிறது, பயன்படுத்தத்தான் முடியவில்லை.

அதற்கு மேல், இரத்தம் ஏற்றுகிறார்கள். ஒரு பை இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உண்டு. மாதம் ஒரு பை என்றால் வருடத்துக்கு 2,400 மில்லிகிராம். அந்தச் சின்ன உடம்பில் அது போய் உட்காரும் இடம் இருதயம், ஈரல், வளர்ச்சிச் சுரப்பிகள். பதினாறு வயதுப் பெண் பத்து வயதுப் பிள்ளை போல நிற்பாள், பெரியவளாக மாட்டாள். முன்பு இந்தப் பிள்ளைகளில் பலரைக் கொண்டுபோனது இரத்தக் குறைவு அல்ல, இருதயத்தில் படிந்த இரும்பு.

ஒரு பக்கம் மட்டும் பிழை உள்ளவர் 'கேரியர்'. அவர் நோயாளி அல்ல, காட்டில் எல்லோரையும் போல வேலை செய்வார். இரத்தப் பரிசோதனையில் மட்டும் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகவும் அணுக்கள் சிறிதாகவும் தெரியும். இரும்புக் குறைவிலும் அப்படியே தெரியும் என்பதால்தான் குழப்பம். வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் இரத்தம் ஏறாதவர், "ஃபெரிட்டின் பார்த்தீங்களா? தலசீமியாவுக்குப் பார்த்தீங்களா?" என்று கிளினிக்கில் கேட்க வேண்டும். ஃபெரிட்டின் உள்ளே எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று காட்டும் சோதனை. அதற்காக, கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருக்கும் கர்ப்பிணி இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. கேரியருக்கும் இரும்புக் குறைவு வரலாம்.

கேரியரும் கேரியரும் கல்யாணம் செய்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோய் வரும். "மூத்தது நோயாளி, இனி மூணும் நல்லா இருக்கும்" என்ற கணக்கு தப்பு. ஒவ்வொரு தடவையும் அதே சீட்டுக் குலுக்கல்தான். நம்மவர்களிடம் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கம் உண்டு. தாத்தாவிடம் இருந்த ஒரே பிழை இரண்டு வழியாக இறங்கி மாப்பிள்ளையிடமும் பெண்ணிடமும் வந்து சேரலாம். உறவை வெட்டச் சொல்லவில்லை. ஜாதகம் பார்க்கும் முன்பு இரண்டு பேரும் இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடட்டும். மலேசியாவில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியில் இந்தச் சோதனைத் திட்டம் தொடங்கியது. சம்மதக் கடிதம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடுங்கள். கேரியர் என்று வந்தால் பெண்ணை ஒதுக்குவது, மறைப்பது இரண்டும் வேண்டாம்.

இரத்தம் ஏற்றும் பிள்ளைக்கு மாதம் ஒரு நாள் தாயோ தகப்பனோ பெரட்டுக்குப் போக முடியாது, அன்றைய சம்பளம் போகும். இது தோட்டக் கமிட்டியில் பேச வேண்டிய விஷயம். தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நாளையும் இரும்பை இறக்கும் மருந்தையும் தவறவிடக் கூடாது. டெஸ்ஃபெரல் என்பதை வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி வைத்து, சின்ன பம்ப் மூலம் இரவு முழுதும், வாரத்தில் ஐந்து நாளாவது ஏற்ற வேண்டும். இப்போது டெஃபெராசிராக்ஸ், டெஃபெரிப்ரோன் என்று மாத்திரைகளும் உண்டு. டாக்டர் சொல்லாமல் வைட்டமின் சி மாத்திரை கொடுக்காதீர்கள், அது இரும்பை இன்னும் உறிஞ்ச வைக்கும்.

டெஸ்ஃபெரல் தொடங்கியதும் பிள்ளைக்குச் சிறுநீர் செம்மண் நிறத்தில் போகலாம். "ரத்தமா போகுது" என்று பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது வெளியேறும் இரும்பின் நிறம். டெஃபெரிப்ரோனிலும் நிறம் மாறலாம். ஆனால் அந்த மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அது சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.